கம்பெனி ஆட்களும் ஊர் வேலையும்: கொங்கு வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கம்பெனிகளுக்கும் பஞ்சமில்லை, ஊருக்காக உழைக்கும் அமைப்புகளுக்கும் பஞ்சமில்லை. பஞ்சாலை, பவுண்டரி, பம்பு கம்பெனி, பனியன் கம்பெனி, சரவணம்பட்டி ஐ.டி. அலுவலகம் என ஒரு வரிசை. குளம் காக்கிற குழு, சிறப்புக் குழந்தைகள் பள்ளி, முதியோர் இல்லம், மாலை நேரப் படிப்பு மையம் என இன்னொரு வரிசை. இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைக்கிற வேலையை நாங்கள் செய்கிறோம். ஹெச்.ஆர். அலுவலர்களும் அறக்கட்டளை நடத்துகிறவர்களும் போனில் திரும்பத் திரும்பக் கேட்பதற்கான பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறோம்.

நாங்க 120 பேர் இருக்கோமுங்க. வர்ற சனிக்கிழமை ஏதாச்சும் நல்ல காரியம் பண்ணலாமுங்களா?

மனது நல்ல மனது. ஆனால் தேதியும் தலைக்கணக்கும் முடிவான பிறகு வேலையைத் தேடினால், இல்லாத வேலையை உருவாக்க வேண்டி வரும். 120 பேர் ஓர் இடத்துக்கு வந்தால் வேலை சொல்ல ஆள் வேண்டும், மண்வெட்டி வேண்டும், குடிதண்ணீர் வேண்டும், கழிப்பறை வேண்டும், பஸ் நிறுத்த இடம் வேண்டும். ஐந்து பேர் நடத்துகிற ஒரு சிறிய அமைப்பு இதற்காகவே இரண்டு வாரம் ஓட வேண்டியிருக்கும். அந்த இரண்டு வாரமும் அவர்களுடைய சொந்த வேலை நின்றுபோகும். போன வாரம்தான் சுண்ணாம்பு அடித்த சுவருக்கு இந்த வாரம் வேறு நிறம் அடிக்கும் நிலைமை இப்படித்தான் வருகிறது.

எங்கள் அனுபவத்தில் நன்றாக அமைந்தவை எல்லாம் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்கள். ஒரே குழு, ஒரே அமைப்பு, மாதம் ஒரு முறை, குறைந்தது ஆறு மாதம். 120 பேர் இருந்தால் பத்துக் குழுவாகப் பிரியுங்கள், பத்து அமைப்புகளுக்குப் போங்கள். ஒரே நாளில் எல்லோரும் சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்ள முடியாதுதான். ஆனால் மூன்றாவது மாதம் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உங்கள் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதன் பிறகு நாங்கள் யாரையும் வற்புறுத்திக் கூட்டிப் போக வேண்டியதில்லை, அவர்களாகவே வந்துவிடுகிறார்கள்.

அப்போ பொருத்தம் எப்படிப் பார்ப்பீங்க?

முதலில் அமைப்பிடம் போகிறோம். ஒரு தாளில் ஆறு விஷயம் எழுதித் தரச் சொல்கிறோம்: என்ன வேலை, எத்தனை பேர் போதும், எந்த நேரம், என்ன கருவி, பக்கத்தில் நின்று சொல்லித்தரப் போவது யார், குழு போன பிறகு அந்த வேலையைத் தொடரப் போவது யார். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்த வேலையைப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

பிறகு கம்பெனியிடம் போகிறோம். எத்தனை பேர் என்பதைவிட யார் யார் என்று கேட்கிறோம். மெயின்டனன்ஸ் ஆட்களா, அக்கவுண்ட்ஸ் ஆட்களா, கட்டிங் மாஸ்டரா, லேப் ஆட்களா, வீட்டில் தோட்டங்காடு உள்ளவர்களா? கொங்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற பையன்களில் எத்தனையோ பேருக்கு வாய்க்கால் வெட்டத் தெரியும், சொட்டுநீர்க் குழாய் போடத் தெரியும். யாரும் கேட்காததால் அது வெளியே தெரிவதில்லை.

இரண்டு தாளையும் வைத்துப் பார்த்தால் பாதிப் பொருத்தம் தெரிந்துவிடும். மீதிப் பாதிக்குக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் மட்டும் முதலில் போய் அரை நாள் இருந்துவிட்டு வருகிறார்கள். இந்த முதல் பார்வையைத் தவிர்க்கச் சொல்லிக் கேட்கும் கம்பெனிகளுக்கு நாங்கள் ஏற்பாடு செய்வதில்லை.

மரம் நடலாமுங்களா? எங்க ஆளுங்களுக்கு அதுதான் பிரியம்.

நடலாம். எங்கே, எப்போது, என்ன மரம், தண்ணீர் யார் விடுவது என்ற நான்குக்கும் பதில் இருந்தால் நாங்களே குழி எடுக்க வருகிறோம்.

குழி தோண்டி நாற்று வைப்பது ஒரு காலை வேலை. அது பிழைப்பதற்கு இரண்டு கோடை தாண்ட வேண்டும். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாளுக்கு நட்டுவிட்டுப் போனால், கோவை மாநகரில் தென்மேற்குப் பருவமழை மெலிதாகத்தான் தலைகாட்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழலில் உள்ள இந்தச் சமவெளிக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. அதனால் புரட்டாசிக் கடைசியில் நடுவதே நல்லது. அதைவிட முக்கியம், மார்ச் முதல் மே வரை வாரம் ஒரு முறை தண்ணீர் விடுகிற முறையைக் கம்பெனி எடுத்துக்கொள்வது. அந்த முறைக்குப் பேர் கொடுப்பவர்களுக்கே நடும் நாளில் முதல் இடம் தருகிறோம்.

எங்கே என்ற கேள்வியும் லேசானதில்லை. காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் போனால் கிளுவை வேலிக்குள் புல்லும் அங்கங்கே வெள்வேல மரமும் நிற்கிற கொறங்காட்டைப் பார்க்கலாம். வெளியூர்க் கண்ணுக்கு அது வெறும் தரிசு. உண்மையில் அது கொழுக்கட்டைப்புல் விளைகிற மேய்ச்சல் நிலம். காங்கயம் மாடுகளும் செம்மறியாடுகளும் தலைமுறை தலைமுறையாக அதில்தான் மேய்கின்றன. “சும்மா கிடக்கிற இடத்தில் காடு வளர்க்கிறோம்” என்று அங்கே நெருக்கமாக நாற்று வைத்தால் புல் போய்விடும், மாட்டுக்காரர் பிழைப்பும் போய்விடும். குளத்துக்குள் நடுவதும் அப்படியே. தண்ணீர் நிற்க வேண்டிய இடம் அது. கரையின் வெளிப்பக்கம், பள்ளி வளாகம், ஊராட்சி நிலம், சாலையோரம் என்று பாருங்கள். வேம்பு, புங்கன், நாவல், இலுப்பை, வாகை, நீர்மருது போன்றவை இந்த மண்ணுக்குப் பழகியவை.

பெரிய கூட்டமாகத்தான் வர வேண்டும் என்றால் பனை விதை இருக்கிறது. பழம் விழுகிற காலத்தில் கொட்டையைச் சேகரித்து, மழைக்கு முன் கரையோரத்தில் ஊன்றினால் போதும். தண்ணீர் வண்டி வேண்டாம். குழந்தைகளோடு குடும்பமாகச் செய்யலாம்.

குளம் சுத்தம் செய்யற வேலை?

நொய்யல் வழியில் பேரூர், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர், வெள்ளலூர் என்று வரிசையாகக் குளங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளக்கரைக்கு வந்து வேலை செய்யும் பழக்கம் கோவைக்குப் புதிதில்லை. அந்தப் பழக்கம் உள்ள குழுக்களோடு சேர்ந்துகொள்வதே உத்தமம். கம்பெனி தனியாகக் குளத்தில் இறங்க வேண்டாம்.

காரணம் சொல்கிறோம். ஒன்று, குளம் யாருடையது என்று தெரிந்து அனுமதி வாங்க வேண்டும். சில குளங்கள் மாநகராட்சியிடம் இருக்கின்றன, சில நீர்வளத்துறையிடம், சில ஊராட்சியிடம். திருப்பூர் நஞ்சராயன் குளம் போல பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் என்றால் வனத்துறை. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலிலும் அது 2024 ஆகஸ்டில் சேர்ந்துவிட்டது. அங்கே ஸ்பீக்கர் வைத்து விழா நடத்த முடியாது, நடத்தவும் கூடாது.

இரண்டு, மனிதக் கை எதற்கு, இயந்திரம் எதற்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வளர்ந்த சீமைக் கருவேலத்தை வேரோடு எடுக்க ஜே.சி.பி. வேண்டும். ஐம்பது பேர் நாள் முழுக்க வெட்டினாலும் வேர் உள்ளேயே இருக்கும், மறுபடி துளிர்க்கும். ஆகாயத்தாமரையும் அப்படித்தான். சாக்கடை கலந்துகொண்டே இருக்கும் வரை அள்ள அள்ளத் திரும்ப வரும், ஏனென்றால் அந்தக் கழிவில்தான் அதற்கு ஊட்டம். அதை ஒருநாள் அள்ளிப் போட்டோ எடுப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. கைவேலைக்கு ஏற்றது எது என்றால், முளைத்து ஒரு முழம் வளர்ந்த கருவேலங்கன்றைப் பிடுங்குவது, தண்ணீர் வரும் வாயில் சிக்கிய பிளாஸ்டிக்கை எடுப்பது, கரையில் பனை ஊன்றுவது, மாதாமாதம் பறவைக் கணக்கு எடுப்பது. கருவேலங்கன்று பிடுங்குவதைப் போல அலுப்பான வேலை கிடையாது. அதைப் போலப் பலன் தரும் வேலையும் கிடையாது.

அவிநாசி, அன்னூர், பெருந்துறைப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஒரு வேண்டுகோள். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் உபரி நீரை 1045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் அது. பல்லாண்டுகள் காய்ந்து கிடந்த குட்டையில் தண்ணீர் வரும்போது அங்கே குப்பை கிடக்கக் கூடாது, கரை உடைந்திருக்கக் கூடாது. உங்கள் பாக்டரிக்குப் பக்கத்துக் குட்டை எது என்று ஊராட்சியில் கேளுங்கள். நகரத்துக் குளங்களுக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்வாசிகூட அந்தக் குட்டைகளுக்குக் கிடைப்பதில்லை.

எங்களுக்கு மண்வெட்டி பிடிச்சுப் பழக்கமில்லைங்க. வேற என்ன இருக்குது?

இந்தக் கேள்வி வந்தால் எங்களுக்குச் சந்தோஷம். அமைப்புகளுக்குக் கிடைக்காமல் இருப்பது ஆள் பலத்தைவிடக் கைத்தொழில்தான். இந்த வட்டாரத்திலோ அது தெருவுக்குத் தெரு இருக்கிறது.

அரசுப் பள்ளிகளில் கழிப்பறை கட்டடம் நன்றாக இருக்கும், மோட்டார் ஓடாது. ஒரு கெப்பாசிட்டரோ ஸ்டார்ட்டரோ போயிருக்கும். பம்பு கம்பெனி சர்வீஸ் ஆட்கள் இரண்டு பேர், மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு ஒன்றியத்தில் உள்ள பள்ளிகளுக்கு வரிசையாகப் போய் மோட்டார், குழாய், வயரிங் பார்த்து வந்தால் அதனால் பள்ளிக்கு வருகிற பெண் பிள்ளைகள் எத்தனை பேருக்கு நிம்மதி என்று நினைத்துப் பாருங்கள். தலைமை ஆசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். பொருளோ பணமோ கொடுப்பதாக இருந்தால் 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ வழியாகக் கொடுக்கலாம்.

பவுண்டரி, பட்டறைக்காரர்கள் வெல்டிங் செய்து கொடுக்கும் கைப்பிடிக் கம்பி ஒரு முதியோர் இல்லத்தில் எத்தனையோ பேரைக் கீழே விழாமல் காப்பாற்றும். வீல்சேர் ஏறுவதற்குச் சாய்தளம் இல்லாத பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. வீல்சேர்களையே பழுது பார்க்க ஆளில்லாமல் மூலையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

திருப்பூர்க் கட்டிங் மாஸ்டர் ஒருவர் சுய உதவிக் குழுப் பெண்களுக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை துணி வீணாகாமல் வெட்டச் சொல்லித்தந்தால், அது ஐம்பது தையல் மிஷின் வாங்கிக் கொடுப்பதைவிட மேல் என்பது எங்கள் கருத்து. மிஷின் பல இடத்தில் இருக்கிறது. அளவும் கணக்கும்தான் கைவரவில்லை. ஒரு துணிப்பைக்கு நூல், துணி, கூலி, கரண்ட் எல்லாம் சேர்த்து அடக்க விலை எவ்வளவு என்று போட்டுக் காட்ட, பனியன் கம்பெனியில் ஆர்டரையும் விலைக் கணக்கையும் பார்க்கிற ஒரு மெர்ச்சண்டைசர் போதும். எத்தனையோ குழுக்கள் நட்டத்துக்கு விற்பது தெரியாமலே விற்றுக்கொண்டிருக்கின்றன.

சாயப்பட்டறை லேப் ஆட்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாறித்தான் தொழில் மீண்டும் எழுந்தது. அந்தப் பாடத்தில் தேறிய, தண்ணீரில் கரைந்த உப்பளவும் (டி.டி.எஸ்.) அமில காரத் தன்மையும் (பி.ஹெச்.) பார்ப்பது கைவந்த கலையான இளைஞர்கள் அங்கே நிறையப் பேர். மாதம் ஒரு முறை குளத்து நீரையும் பக்கத்துக் கிணற்று நீரையும் எடுத்து, ஒரே இடத்தில், ஒரே முறையில் அளந்து எழுதிக்கொடுத்தால், அந்தப் பதிவேடு குளம் காக்கும் குழுவுக்குப் பெரிய பலம். அதிகாரியிடம் போய்ப் பேசக் கையில் காகிதம் இருக்கும்.

ஐ.டி. நண்பர்களுக்கு: புதிய ஆப் செய்து தருகிறோம் என்று ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் போன பிறகு அதைப் பராமரிக்க அங்கே யாரும் இல்லை. நன்கொடையாளர் பட்டியலை எக்செல்லில் ஒழுங்காகப் போட்டு, ரசீது எண்ணோடு இணைத்து, அங்கே இருக்கிற அக்காவுக்கு அதைப் பழக்கிக் கொடுங்கள். வருடக் கடைசியில் உங்களை வாழ்த்துவார்கள்.

குழந்தைகள் இல்லத்துக்குப் போய்ப் பிறந்தநாள் கொண்டாடலாமுங்களா?

கேக் வெட்டிவிட்டு வருவதற்காகப் போக வேண்டாம் என்றே சொல்கிறோம். வாரா வாரம் முகம் தெரியாதவர்கள் வந்து கொஞ்சிவிட்டுப் போவதும், அவர்கள் முன்னால் பாட்டுப் பாடிக் காட்டுவதும் பிள்ளைகளுக்கு நல்லதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அப்படிச் செய்யச் சம்மதிப்பீர்களா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

சட்டமும் இருக்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், பள்ளி என அடையாளம் தெரியும் எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். இல்லத்துக்குள் போன் வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வருடம் முழுக்க வாரம் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லித்தர வருகிறேன் என்று ஒரே ஒருவர் வந்தாலும் கதவு திறந்திருக்கிறது. இல்லம் சொல்லும் சரிபார்ப்புகளுக்கு உட்பட வேண்டும், பிள்ளையோடு தனி அறையில் இருக்கக் கூடாது, பரிசும் பணமும் தனியாகத் தரக் கூடாது.

முதியோர் இல்லத்துக்கும் ஒரு வார்த்தை. தீபாவளி, பொங்கலுக்கு அங்கே இலை போட ஆள் வரிசையில் நிற்கிறார்கள். ஆடியில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. உங்கள் குழுவை நாங்கள் ஆடிக்குத்தான் அனுப்புவோம்.

எங்க ஆளுங்க வேலை செய்யற நேரத்தை சி.எஸ்.ஆர். (கம்பெனிகளோட சமூகப் பொறுப்புச் செலவு) கணக்குல காட்டலாமுங்களா?

முடியாது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட கம்பெனிகளை, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவிடச் சொல்கிறது. செலவு என்றால் செலவு. ஊழியர்களை ஈடுபடுத்துவது நல்லது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் தந்த விளக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அவர்களுடைய உழைப்புக்கு ஒரு விலை போட்டு அந்த 2 சதவீதத்தில் கழிக்கக் கூடாது என்பதும் அதே விளக்கத்தில் உண்டு. கம்பெனியின் சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பலன் தரும் காரியங்களும் கணக்கில் வராது.

இங்குள்ள பனியன் கம்பெனிகளிலும் பட்டறைகளிலும் பெரும்பாலானவை இந்த வரம்புக்குக் கீழே இருப்பவை. சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் வருகிறார்கள். எங்களுக்கு நெடுநாள் துணையாக நிற்பது அந்தச் சிறிய கம்பெனிகள்தான்.

மாரத்தான் நடத்தினா?

உடம்புக்கு நல்லது. சி.எஸ்.ஆர். செலவில் சேராது. மாரத்தான், விருது விழா போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகள் சேராது என்று 2014 ஜூனிலேயே அமைச்சகம் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது.

ஆளையும் அனுப்பறோம், பணமும் கேட்கறீங்களே?

ஆமாம், கேட்கிறோம். உங்கள் பன்னிரண்டு பேருக்கு வேலை சொல்ல அமைப்பிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். அவர் ஏற்கெனவே ஆறு நாள் உழைத்தவர். கருவி, கையுறை, போக்குவரத்து, முன்னேற்பாட்டுக்கு அலைந்த பெட்ரோல் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். இதை அமைப்பின் தலையில் கட்டிவிட்டு, உதவி செய்துவிட்டு வந்ததாக நினைப்பது நியாயமில்லை. ஒவ்வொரு முறைக்கும் ஆகும் செலவை முன்கூட்டியே எழுதி, கம்பெனி அதை நேரடியாக அமைப்பின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறோம். எங்கள் கை வழியாகப் போவதில்லை. ரொக்கமும் வேண்டாம். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி எனப்படும் வருமான வரிச் சலுகையும் கிடைக்காது, பழைய கம்ப்யூட்டர், துணிமணி போன்ற பொருளாகக் கொடுத்தாலும் கிடைக்காது.

நாங்க சின்ன டிரஸ்ட்டுங்க. எங்களுக்கெல்லாம் கம்பெனி வருமுங்களா?

வரும். ஆள் மட்டும் வருவதற்கு ஒரு பதிவுப் பத்திரமும் ஒழுங்கான வரவு செலவும் போதும். சி.எஸ்.ஆர். பணம் வேண்டுமென்றால் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவு இருக்க வேண்டும், 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்து எண்ணும் வாங்கியிருக்க வேண்டும். வெளிநாட்டுத் தாய்க் கம்பெனியிடமிருந்து பணம் வருவதாக இருந்தால் வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாமல் கைநீட்டி வாங்கிவிடாதீர்கள். இந்தக் காகித வேலைக்கே உதவும் அக்கவுண்டண்ட் குழு ஒன்றை உங்களோடு முதலில் சேர்த்து வைப்பதே பல நேரம் சரியான பொருத்தமாக அமைந்திருக்கிறது.

கம்பெனி கேட்கறது எங்களுக்கு ஒத்து வரலைன்னா எப்படிங்க மறுக்கறது? நாளைக்கு நன்கொடை நின்னு போயிருமே?

இந்தக் கேள்வியை யாரும் கூட்டத்தில் கேட்பதில்லை. எல்லோரும் போன பிறகு, வாசலில் நின்று, மெல்லிய குரலில் கேட்கிறார்கள். எங்களுக்கு மிகவும் வலிக்கிற கேள்வி இதுதான். பரீட்சை நேரத்தில் கம்பெனி ஆட்கள் வந்து விளையாட்டுப் போட்டி நடத்தினார்கள், வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை என்பார்கள். ஏற்கெனவே முப்பது போர்வை இருக்கும்போது இன்னும் ஐம்பது வாங்கிக்கொண்டோம் என்பார்கள். கொடுக்கிறவர் மனம் நோகக் கூடாதே என்ற தயவில் ஒரு வருடத்து வேலைத் திட்டமே குலைந்துபோகும்.

மறுப்பை எங்களிடம் விட்டுவிடுங்கள். “இந்த மாதம் அவர்களுக்குத் தோதுப்படாது, அதற்குப் பதிலாக இது தேவை” என்று நாங்கள் சொல்கிறோம். நடுவில் ஓர் ஆள் இருப்பதன் முதல் பயன் அதுதான். கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: ‘வேண்டாம்’ என்று துணிந்து சொல்லும் அமைப்பு கிடைத்தால் விடாதீர்கள். தன் வேலை என்னவென்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

எந்த மாசம் தோதுப்படும்?

மார்ச்சில் கணக்கு முடிப்பு, ஏப்ரலில் பரீட்சை, தீபாவளிக்கு முன் போனஸும் ஷிப்மென்ட் நெருக்கடியும். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள், அன்றைக்கு யாரையும் கூப்பிடாதீர்கள். மாசி, பங்குனி, சித்திரையில் ஊருக்கு ஊர் மாரியம்மன் நோம்பி (திருவிழா), பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். கிராமத்தில் வேலை வைப்பதாக இருந்தால் அந்த ஊர் நோம்பி எப்போது என்று கேட்டுக்கொண்டு தேதி குறியுங்கள். ஜூன் இரண்டாம் பாதியிலிருந்து செப்டம்பர் வரையும், பொங்கல் முடிந்த பிறகு மாசி பிறக்கும் வரையும் வசதி.

எல்லா ஊழியரும் கட்டாயம் வரணும்னு ஆர்டர் போடலாமா?

கூடாது. கட்டாயம் என்றால் அது வேலை, வேலைக்குச் சம்பளம் உண்டு. மில் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்களுக்கு வாரத்தில் கிடைப்பதே ஒரு நாள் ஓய்வு. துணி துவைக்க, வீட்டுக்குப் போன் பேச, தூங்க அவர்களுக்கு இருப்பது அந்த நாள்தான். அதை எடுத்து ஊர்ச் சேவைக்குக் கொடுக்க முதலாளிக்கு உரிமையில்லை. சம்பளத்தோடு, விருப்பப்பட்டவர்களை மட்டும் அனுப்பும் கம்பெனிகளோடுதான் நாங்கள் ஒப்பந்தம் போடுகிறோம்.

எங்க கம்பெனியில பாதிப் பேர் ஒடிசா, பீகாருங்க. அவங்க என்ன பண்ணுவாங்க?

அவர்களால் மட்டுமே முடிகிற வேலை ஒன்று இருக்கிறது. திருப்பூரில் அவர்கள் ஊர்ப் பிள்ளைகள் தமிழ் புரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், சிலர் பள்ளிக்கே வருவதில்லை. அந்தப் பெற்றோரிடம் போய், அவர்கள் பேச்சிலேயே, சேர்க்கைக்கு என்ன காகிதம் வேண்டும், எங்கே போக வேண்டும் என்று சொல்ல ஓர் ஒடியா பேசும் தம்பியைவிட வேறு யார் பொருத்தம்? உதவி வாங்குகிறவர்கள் என்றே இந்த ஊர் அவர்களைப் பார்த்துப் பழகிவிட்டது. கொடுக்கிறவர்களாகவும் அவர்கள் நிற்கட்டும்.

ரத்த தானம்?

செய்யுங்கள். 18 முதல் 65 வயது, எடை 45 கிலோவுக்குக் குறையாமல். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. ஒரே நாளில் எல்லோரும் கொடுப்பதைவிட அரசு மருத்துவமனை ரத்த வங்கியைக் கேட்டு மூன்று தவணையாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ரத்தத்தை அதிக நாள் சேமித்து வைக்க முடியாது.

பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு?

குளத்து வேலைக்கு ரப்பர் பூட்ஸ், கனமான கையுறை. டெட்டனஸ் (டி.டி.) தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்கக் கூடாது. புதருக்குள் கை விடும் முன் கம்பால் தட்டிப் பார்க்க வேண்டும், கண்ணாடி விரியனும் நாகமும் இருக்கிற ஊர் இது. பக்கத்தில் பாம்புக்கடி மருந்து இருக்கிற மருத்துவமனை எது என்று முந்தைய நாளே எழுதி வைக்கிறோம். ஆனைகட்டி, வால்பாறை, சத்தியமங்கலம் பக்கத்து மலைக் கிராமங்களுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் குழு அனுப்புவதில்லை. மாலை நான்கு மணிக்குள் கீழே இறங்கிவிட வேண்டும், யானை வழியில் இருட்டில் வண்டி ஓட்டக் கூடாது. விபத்துக் காப்பீடு கம்பெனி பொறுப்பு.

டி-ஷர்ட், பேனர் அடிக்கலாமுங்களா?

டி-ஷர்ட் சரி, துணிப் பேனர் சரி. பிளெக்ஸ் வேண்டாம். அமைப்பின் பெயர் உங்கள் பெயருக்கு மேலே இருக்கட்டும்.

மேனேஜ்மென்ட்டுக்கு ரிப்போர்ட்ல என்ன எழுதறது?

‘150 பேர், 600 மணி நேரம்’ என்று எழுதினால் அது உங்கள் ஆட்களைப் பற்றிய செய்தி. அமைப்புக்கு என்ன ஆனது என்று ஆறு மாதம் கழித்து அவர்களையே கேட்டு எழுதுங்கள். நட்டதில் எத்தனை மரம் உயிரோடு இருக்கிறது, எத்தனை பள்ளியில் மோட்டார் இன்றைக்கும் ஓடுகிறது, தையல் குழு துணிப்பைக்கு இப்போது என்ன விலை சொல்கிறது. எண்ணிக்கை சிறியதாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். நட்டதில் பாதி காய்ந்துவிட்டது என்றால் அதையும் எழுதுங்கள், அடுத்த முறைக்குத் தண்ணீர் வண்டி கேட்க அதுவே காரணமாகும்.

பாதியில விட்டுட்டா?

ஆர்டர் நெருக்கடி, ஆள் மாற்றம், கம்பெனி இடம் பெயர்வது எல்லாம் நடக்கக்கூடியதுதான், யாரும் குறை சொல்லப் போவதில்லை. சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். படிப்பு மையம் என்றால் அடுத்து வருகிறவரை ஒரு வகுப்பாவது கூட உட்கார வைத்துப் பிள்ளைகளிடம் அறிமுகம் செய்துவிட்டுப் போங்கள். நீர் அளக்கும் குழு என்றால் பதிவேட்டையும் அளந்த இடங்களின் குறிப்பையும் அமைப்பிடம் ஒப்படையுங்கள். கோடைத் தண்ணீர் முறையை எடுத்தவர்கள் மட்டும் பிப்ரவரி முடிவதற்குள் எங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும், மாற்றுக் குழு தேட எங்களுக்கு மூன்று வாரமாவது ஆகும்.